தாடிக்காரன் வாங்கிய ஷேவிங் நுரை

முகத்தில் ஒரு காட்டையே வளர்த்து வைத்திருக்கிறவனுக்கு எதற்குக் கூடை நிறைய ஷேவிங் நுரை?

வெளியே மழை பிய்த்து உதறிக்கொண்டிருந்தது. கடையில் பில் போடும் வரிசையில், சொட்டும் குடையும் கூடையில் ஒரு டப்பா கிரீமுமாய் நின்றவளுக்கு முன்னால்தான் அந்தத் தாடிக்காரன் நின்றான். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டில் மிளகா என்று பேர் வைத்ததே அதற்குத்தான்.

"ஏங்க... தாடியை எடுக்கப் போறீங்களா, இல்ல ஊருக்கே சிரைச்சு விடப் போறீங்களா?"

அவன் திரும்பினான். அடேயப்பா... என்ன கண்ணுடா சாமி! சிரிப்பு முதலில் அந்தக் கண்ணில் வந்து, அப்புறம்தான் மெல்லத் தாடிக்குள் இறங்கியது. அவள் பார்வையை எடுக்க மறந்து போனாள்... ஒரே ஒரு நிமிஷம்தான்.

"இது மூஞ்சிக்கு இல்லைங்க, கேக்குக்கு. பத்திரிகைக்குச் சாப்பாட்டுப் படம் எடுக்கிறவன் நான். நிஜ கிரீம் வச்சா லைட்டு சூட்டுல உருகி வழிஞ்சிடும். இது அசையாம நிக்கும்."

அவள் கூடையில் மடங்கிக் கிடந்த பத்திரிகையில் கேக்குப் படத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "அட, இதுகூட நான் எடுத்ததுதான்!"

பாவி. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"இந்தக் கிரீம்...?" அவள் குரல் இறங்கியிருந்தது.

"நுரைதான்."

"மேல வழியிற தேன்?"

"என்ஜின் ஆயில். தேன் இப்படிப் பளபளக்காதுங்க."

"கேக்காவது...?"

"வெளியில மட்டும் ஒரு சுத்து. உள்ள தெர்மாகோல்."

சுர்ரென்று ஏறியது அவளுக்கு. ஏறாதா பின்னே? 'வீட்டிலேயே செய்து அசத்துங்கள்' என்று போட்டிருந்த அந்தப் பக்கத்தை நம்பி எத்தனை கேக்! ஒவ்வொரு தடவையும் கிரீம் தொங்கிப் போய், தேன் உள்ளே இழுத்துக்கொண்டு, பார்க்கிறவரெல்லாம் உச்சுக் கொட்டி... 'எனக்குக் கை வரலை' என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். தெர்மாகோலுக்காக!

"ஏன்யா, உனக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?" மரியாதை மழையோடு போய்விட்டது. "எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா இதே படத்தைக் காட்டி, இம்மி பிசகாம இப்படியே வேணும்னு ஆர்டர் கொடுத்திருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிப்பாங்க. இதுவும் சொதப்பினா ஓவனை வித்துடுவேன், என் ஆபீஸ்ல வந்து போன் எடுன்னு அண்ணன் சொல்லிட்டார். கேக்கு போடுறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணுமே பிடிக்காதுய்யா!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நிஜமா... யாரும் செஞ்சு பார்ப்பாங்கன்னு நான் நினைச்சதே இல்லைங்க."

"இப்ப தெரிஞ்சுடுச்சில்ல? பல் ஆஸ்பத்திரிக்கு எதிர்ல பச்சை கேட்டு. நாளைக்கு வந்து எங்க அண்ணன் முன்னாடி இதைச் சொல்லுங்க."

"ஐயோ, ஆபீஸ்ல வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு கண்டிஷன்ங்க. வேலை போயிடும்..."

"ஓ! உங்களுக்கு வேலை வேணும். எனக்கு மட்டும் மானம் போகலாமா? கோழை!"

குடையை விரிக்கக்கூட மறந்து மழையில் இறங்கி நடந்தாள். பொய்யன், புளுகன், நுரை வியாபாரி... திட்டத் திட்ட அந்தக் கண் வந்து வந்து முன்னால் நின்றது. இந்த மாதிரி ஆளுக்கு எதுக்கு இவ்வளவு நல்ல கண்ணு? அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது.

மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மா டப்பாவைத் திறந்தார். புருவம் நெற்றிக்கு ஏறியது.

"என்னம்மா இது? படத்துல கோபுரம் மாதிரி நிக்குது, இது தூங்கி வழியுது?"

அண்ணன் கதவில் சாய்ந்து, நான் அப்பவே சொன்னேன்ல என்கிற மூஞ்சியோடு நின்றார். உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்கிறாள் என்பார்கள்.

பச்சை கேட்டு கிரீச்சிட்டது. தலை முதல் கால் வரை நனைந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றான் தாடிக்காரன்.

"அந்தப் படம் பொய்ங்க. எடுத்தவன் நான்தான். அது ஷேவிங் நுரை."

"யாருப்பா நீ?" என்று அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவன் அசரவில்லை. நுரை, ஆயில், தெர்மாகோல்... ஒன்று விடாமல் ஒப்பித்தான். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். ஒரு விரலால் கிரீமைத் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு விரல் எடுத்தார். பிறகு டப்பாவை மூடிக் கையில் இறுக்கிக்கொண்டார்.

"படத்தையா திங்கப் போறேன்? அடுத்த மாசம் என் மருமகளுக்குப் பிறந்தநாள். அதுக்கும் நீயே போட்டுடும்மா." அங்கேயே போனை எடுத்து, பத்திரிகையில் இருந்த நம்பரைப் பார்த்து ஆசிரியருக்குப் போட்டார். "ஏன் சார், ஷேவிங் நுரையைக் காட்டியா வாசகியை ஏமாத்துறீங்க?" என்று அவர் பிடித்த பிடியில் தெருவே காதைத் தீட்டிக்கொண்டது.

அண்ணன் உள்ளே போய், டப்பாவில் அடங்காமல் வெட்டி எடுத்து வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தார். ஓவன் பேச்சு அதோடு முடிந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது கேட்டருகில் யாரும் இல்லை. ஒரு நன்றிகூட வாங்காமல் போய்விட்டான், திமிர் பிடித்தவன்!

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், அண்ணன் கண்ணில் படாமல் புதிதாய்ப் போட்ட கேக்கை எடுத்துக்கொண்டு பத்திரிகை ஆபீஸுக்கே போய் நின்றாள்.

"அவரா? அன்னிக்கே சீட்டைக் கிழிச்சுட்டாங்களே," என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "சாமான் எடுக்க வந்திருக்கார், பின்பக்கம் பாருங்க."

அவளுக்கு ரத்தம் கொதித்தது. பின்பக்கப் படிகளைத் தாவி இறங்கினாள். தூறலில் நனையாமல் விளக்குகளைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தான் அவன்.

"யாரைக் கேட்டு வேலையை விட்டீங்க?"

"விடலைங்க, தூக்கிட்டாங்க."

"தூக்குவாங்கன்னு தெரியும்ல? தெரிஞ்சே எதுக்கு வந்தீங்க?"

"நீங்கதானே கோழைன்னு சொன்னீங்க."

"ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவாங்க! அதுக்காக ஒருத்தன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுக்குவானா?" கண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க இன்னும் கத்தினாள். "நான் என்ன ஆகணும் உங்களுக்கு? சொல்லுங்க!"

அவனுக்கும் பொறுமை போய்விட்டது. "ராத்திரியெல்லாம் தூக்கமில்லைங்க! 'கேக்கு போடுறதைத் தவிர வேற ஒண்ணுமே பிடிக்காது'ன்னு கத்தினீங்களே, அந்த மூஞ்சி கண்ணை விட்டே போகல. இத்தனை வருஷம் எல்லாத்தையும் அழகா காட்டியிருக்கேன், ஒண்ணைக்கூட ஆசையா பார்த்ததில்ல. உங்களைப் பார்த்தேன். போதுமா?"

தூறல் வலுத்தது. இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். அந்தக் கண் இப்போது சிரிக்கவில்லை... பயந்து போயிருந்தது.

"போதாது," என்றாள் அவள். "முழுசா சொல்லுங்க."

"உங்களை... எனக்குப் பிடிச்சிருக்கு."

"இதை அன்னிக்கு எங்க வாசல்லயே சொல்றதுக்கென்ன? சொல்லாம கொள்ளாம ஓடிப்போய் மூணு நாளா என்னைச் சாகடிச்சுட்டு..." கேக்கு டப்பாவை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். எடுக்காமல் அங்கேயே நின்றுவிட்டது கை. "எனக்கும்தான் பிடிச்சிருக்கு, போங்க! கோபம் இன்னும் துளிகூடக் குறையல. நாளைக்கு வீட்டுக்கு வந்து அண்ணன்கிட்ட பேசுங்க... வரலைன்னா தெரியும் சேதி."