தண்ணீரை மடித்தவர்

“எண்பத்தொன்பது,” என்றாள் நிவேதிகா, குப்பியைத் திருப்பிக் கொடுத்தபடி. “பழசுங்க மாமா.”

எழுபது வயது ரித்தீஷ் மாமா நகரவில்லை. வரிசையில் அவருக்குப் பின்னால் முப்பது பேர் ஆளுக்கொரு கனவுக்குப்பியோடு நின்றார்கள். நெற்றியில் கனவுநாடா கட்டித் தூங்கிய சிவந்த தடம் யாருக்கும் இன்னும் மறையவில்லை.

“ஏனம்மணி, நம்ம தடப்பள்ளி வாய்க்காலு. நாஞ் சின்னதுல குதிச்சுக் குளிச்ச எடம். அத நெனச்சுக் கனாக் கண்டா அதெப்படிப் பழசாகும்?”

“அந்த வாய்க்காப் பாலத்து மேல எத்தனை படத்துல எத்தனை பேரு ஓடி வந்து பாட்டுப் பாடியிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியுமுங்க. மிஷினு அதத்தான் பாக்குது.”

பழசறிமானிக்கு அதுதான் வேலை. குப்பியைத் தட்டில் வைத்தால், உள்ளே இருக்கும் கனவை இதுவரை உலகில் வந்த எல்லாப் படத்தோடும் ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை பங்கு பழசு என்று ஒரு சீட்டைத் துப்பும். கோபி ஊரின் வாய்க்கால், வயல், தென்னை, பாலம் எல்லாம் ஏகப்பட்ட படங்களில் வந்துவிட்டவை. ரித்தீஷ் மாமா அங்கே குளித்தார் என்பது கருவிக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது என்ன செய்யும், பாவம்.

மாமா குப்பியை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் போனார். தினமும் அப்படித்தான். பழசு என்று வந்த கனவு கண்டவருக்கே திருப்பித் தரப்படும். புதுசு என்று வந்தால் படம் தயாரிக்கும் படைப்பாலை எடுத்துக்கொள்ளும். இதுதான் விதி. திருப்பிக் கொடுத்ததை எவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்? தொட்டி ஒன்பது மணிக்கெல்லாம் நிறைந்துவிடும்.

பெயர்ப்பலகையில் கனவுக் கொள்முதல் நிலையம் என்று இருக்கும். ஊரார் வாயில் அது கனவு சொசைட்டி. பால் சொசைட்டி மாதிரியே காலையில் வரிசை, அளவு, சீட்டு, சலிப்பு.

இந்த ஏற்பாடு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். படம் எடுக்கும் பொறுப்பைப் படைப்பாலை என்ற மாபெரும் இயந்திரத்திடம் கொடுத்தார்கள். அது பழைய படங்களைக் கரைத்துப் புதுப்படம் வார்த்தது. பிறகு அந்தப் புதுப்படங்களையே கரைத்து இன்னும் புதுசு. ஒரே மாவில் முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அதற்கும் மறுநாள் பணியாரம் என்று எத்தனை நாள் ஓட்ட முடியும்? அரங்கில் உட்கார்ந்தவர்கள் பத்தாவது நிமிடத்தில் தூங்கினார்கள். அப்படித் தூங்கியவர்களின் கனவை யாரோ ஒரு புண்ணியவான் பதிந்து பார்த்தார். திரையில் ஓடியதைவிட அது நன்றாக இருந்தது. அன்றிலிருந்து ஊர் ஊராகச் சொசைட்டி.

ஆனால் பிறந்ததிலிருந்து படம் பார்த்தே வளர்ந்த ஜனங்களுக்கு வேறு எப்படிக் கனவு வரும்? எழுபதுக்குக் கீழே ஒரு சீட்டு வருவதே அபூர்வம். இருபதுக்குக் கீழே வந்தால் சுவரில் இருக்கும் புதுமணி தானே அடிக்கும் என்பார்கள். நிவேதிகா வேலைக்கு வந்து பதினோரு வருடம். ஒருமுறைகூட அடித்ததில்லை. அதன் கொக்கியில் தன் சாப்பாட்டுப் பையை மாட்டி வைத்திருந்தாள்.

தாரணி முதல்முறை வந்தது ஒரு ஆடி மாதத்துக் காற்றில். ஐம்பது வயது இருக்கும். கச்சேரிமேட்டில் இஸ்திரிக் கடை வைத்திருந்த சர்வேஷின் மனைவி. அவர் தவறி நாலு வருடம் ஆகியிருந்தது. கடையை இப்போது தாரணிதான் நடத்தினாள். குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க கனாக் குடுக்க வந்து நாம் பாத்ததே இல்லீங்களே அக்கா,” என்றாள் நிவேதிகா.

“எனக்குத் திரை ஆகாதுங்க. சின்னதுல இருந்தே. ரெண்டு நிமிசம் பாத்தாப் போதும், மண்டை பொளந்துரும். படமெல்லாம் பாத்ததே இல்லீங்க.” கொஞ்சம் தயங்கினாள். “அவரு சிரிக்கிற வீடியோ நெறைய இருக்குதுங்க. அதையும் பாக்க முடியாது. வீட்ல அச்சுப்படம்னு ஒண்ணே ஒண்ணு, அடையாள அட்டைக்கு எடுத்தது. அதுல போலீஸ் புடிச்சுட்டுப் போனவராட்ட முழிச்சுட்டு இருப்பாரு. சிரிச்ச மூஞ்சியோட கனால மட்டுந்தான் வருவாரு. மொதல்ல வாரா வாரம் வந்துட்டு இருந்தாருங்க. இப்ப மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் பெருசு. எங்க நின்னே போயிருமோன்னு பயமா இருக்குது. இங்க குடுத்தாப் பத்திரமா வெச்சிருப்பீங்கன்னு சொன்னாங்க.”

இது லாக்கர் இல்லீங்க அக்கா என்று நிவேதிகா சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கை, பழக்க தோஷத்தில், குப்பியைத் தட்டில் வைத்துவிட்டது.

சாப்பாட்டுப் பை ஆடியது. மணி அடித்தது.

வரிசை முழுக்க அப்படியே நின்றது. சீட்டில் நான்கு என்று இருந்தது. நூற்றுக்கு நான்கே பங்கு பழசு. நிவேதிகா சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். விதிப்படி சலிப்பாளரான அவள் ஒருமுறை கனவை உள்ளே வாங்கிச் சரிபார்க்க வேண்டும். நாடாவை நெற்றியில் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

வாய்க்கால் கரை. வெயில் என்று சொல்ல முடியாத ஒரு மஞ்சள் வெளிச்சம். ஒல்லியான ஓர் ஆள் முழங்கால் தண்ணீரில் நின்று, வாய்க்கால் தண்ணீரின் விளிம்பைப் பிடித்து மெல்லத் தூக்குகிறார். வேட்டி தூக்குகிற மாதிரியே வருகிறது தண்ணீர். நான்காக மடிக்கிறார். மடிப்புக்குள் கெண்டை மீன்கள் அசையாமல் தூங்குகின்றன. கரையில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியால் நிதானமாகத் தேய்க்கிறார். பிறகு தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, தரையில் விரித்து, “வா, படுக்கலாம். சூடு ஆறறதுக்குள்ள,” என்கிறார். நிமிர்ந்து சிரிக்கிறார். வெதுவெதுப்பான தண்ணீரின் மேல் கன்னம் வைத்துப் படுக்கையில் அடியில் மீன்கள் மூச்சு விடுவது கேட்கிறது.

நாடாவைக் கழற்றியபோது நிவேதிகாவின் கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. பதினோரு வருடமாகத் தான் எதற்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

“பத்திரமா இருக்குங்களா?” என்று கேட்டாள் தாரணி.

“பத்திரமா இருக்குங்க்கா,” என்றாள்.

அன்று நிவேதிகாவிடம் எதைக் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். கொள்முதல் படிவத்தின் ஏழாவது விதியை அவள் படித்தது இரண்டு நாள் கழித்து, குப்பி படைப்பாலைக்குப் போன பிறகு. ‘வேறெவரும் நகலெடுக்காதிருக்க, மூலக் கனவு உருக்கப்பட்டு அழிக்கப்படும்.’

படம் தை மாதம் வந்தது. நாடே பைத்தியம் பிடித்துக் கிடந்தது. ஒல்லியான இஸ்திரிக்காரருக்குப் பதிலாக அகன்ற மார்பும் கன்னக்குழியுமாக ஒரு நாயகன். வாய்க்காலுக்குப் பதிலாக ஆறு. மடிப்புக்கு ஒரு பாட்டு. நிவேதிகாவே நாலு முறை பார்த்தாள், நான்கு முறையும் அழுதாள். தண்ணீரை மடிக்கும் நாயகன் ஆட்டோவின் முதுகில் வந்தான், துணிப்பையில் வந்தான், சோப்பு உறையில் வந்தான், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டிலில் வந்தான். அடுத்த தீபாவளிக்கு வேறொரு நாயகன் கடலை மடித்தான். பொங்கலுக்கு ஒருத்தன் மழையை. அதற்குப் பிறகு வந்த படத்தில் வில்லன் வானத்தைச் சுருட்டிக் கொண்டு ஓட, நாயகன் துரத்திப் பிடித்து விரித்துவிட்டான். அரங்கில் ஜனங்கள் மறுபடியும் தூங்க ஆரம்பித்தார்கள்.

சொசைட்டி வரிசையில் நூறு குப்பிக்கு எண்பதில் யாராவது எதையாவது மடித்துக்கொண்டிருந்தார்கள். ரித்தீஷ் மாமா மட்டும் விடாமல் பாலத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் தாரணி மறுபடி வந்தாள். காலை வரிசை கலைந்து, நிவேதிகா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். சண்டைக்கு வந்தவள் முகம் இல்லை.

“அம்மணி, அன்னைக்கு வெச்சுட்டுப் போனேனுங்களே, அத ஒருக்காக் குடுங்க. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தர்றேன்.”

“என்னாச்சுங்க்கா?”

“நேத்து மத்தியானம் வந்தாருங்க. மூணு மாசங் கழிச்சு. தண்ணிய மடிச்சாரு. எனக்கு அத்தனை சந்தோசம். நிமுந்து சிரிச்சாருங்க.” தாரணி நிறுத்தினாள். “மூஞ்சி அவுருதில்லை. அந்த சோப்புக் கவருல இருக்கறவனுது.”

கையில் ஒரு குப்பி இருந்தது. அதை நீட்டினாள். நிவேதிகா தட்டில் வைத்தாள். சீட்டு வந்தது. தொண்ணூற்றேழு. பழசு. காப்பி. முதன்முதலில் அதைக் கண்டவளிடமே அந்தச் சீட்டைக் கொடுக்க வேண்டியிருந்தது.

நிவேதிகா சீட்டைக் கசக்கினாள். மறைத்துப் பேச அவளுக்கு இனி தெம்பில்லை.

“அக்கா, அது இல்லீங்க. ஆலையில அழிச்சுட்டாங்க. எழுதிக் கேட்டுப் பாத்தேன், உருக்கியாச்சுன்னு பதில் போட்டுட்டாங்க. பத்திரமா இருக்கும்னு உங்ககிட்டச் சொன்னது நாந்தான். படிக்காமச் சொல்லிட்டனுங்க. தப்பு எம்மேலதான்.”

தாரணி பெஞ்சில் உட்கார்ந்தாள். வெளியே குப்பைத் தொட்டியைச் சாய்த்துக் கொட்டும் வண்டி வந்து போயிற்று.

“நீங்க பாத்தீங்களில்ல,” என்றாள் கடைசியில். “அன்னைக்குப் பட்டைய நெத்தீல கட்டிப் பாத்தீங்க. ஆலைக்குப் போறதுக்கு முந்தி அவரப் பாத்தது நீங்க ஒருத்தருதான். எப்படிச் சிரிச்சாரு, சொல்லுங்க. நீங்க சொன்னா எனக்கு வந்துரும்.”

நிவேதிகா கண்ணை மூடினாள். “கரையில நின்னு நிமுந்தாருங்க. தலைமுடி காத்துல ஆடுச்சு. சிரிச்சாரு, எடது கன்னத்துல குழி விழுந்து…”

“அவருக்குக் குழி கெடையாதுங்க,” என்றாள் தாரணி மெதுவாக.

நிவேதிகா கண்ணை இன்னும் இறுக்கி மூடினாள். மறுபடி முயன்றாள். அகன்ற மார்பு வந்தது. பாட்டு வந்தது. நாலு முறை பார்த்த படம் அவளுக்குள்ளேயும் எல்லாவற்றையும் கரைத்து வார்த்துவிட்டிருந்தது. அந்த ஒல்லி மனிதரை எங்கே தேடியும் காணவில்லை. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மேசை துடைத்த ஈரத்துணி கையிலேயே இருந்தது. அதிலிருந்து சொட்டு ஒன்று தரையில் விழுந்தது.

“தெளிச்சாருங்க,” என்றாள் திடீரென்று.

“என்னது?”

“தண்ணிய மடிச்சுக் கரையில வெச்சு, தேய்க்கறதுக்கு முந்தி, அது மேல தண்ணி தெளிச்சாரு. தண்ணிக்கே தண்ணி தெளிச்சாருங்க அக்கா. படத்துல அது இல்லை. அர்த்தமில்லாத வேலைன்னு ஆலை வெட்டிப்போட்டிருக்கும். வலது கையில. மூணு வெரலக் குவிச்சு.”

தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

“ஆமாங்க. கிறுக்கு மனுசன். நனைஞ்ச துணிக்குக்கூடத் தெளிச்சுட்டுத்தான் பொட்டியத் தொடுவாரு. ஏனுங்க, அதான் ஈரமா இருக்குதேன்னா, கை கேக்க மாட்டேங்குதும்பாரு.”

“மணிக்கட்டுல ஒரு தழும்பு.”

“பொட்டி சுட்டது. எங்க கல்யாணத்துக்கு மொத நாளு.”

நிவேதிகா உள்ளறையில் இருந்த சோதனைக் கட்டிலில் அவளைப் படுக்க வைத்தாள். புது நாடாவை நெற்றியில் கட்டி, புதுக் குப்பியைப் பொருத்தினாள். “மூஞ்சியத் தேடாதீங்க. கைய மட்டும் பாத்துட்டு இருங்க,” என்றாள். மின்விசிறி சுற்றியது. தாரணி மூன்று விரலைக் குவித்து வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். நிவேதிகா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் விரல்கள் தூக்கத்தில் எதையோ தெளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு தாரணி கண் விழித்தாள். கன்னம் நனைந்திருந்தது.

“வந்தாருங்களா?”

“கையத்தான் பாத்துட்டு இருந்தேன். தெளிச்சாரு, தெளிச்சாரு, தெளிச்சுட்டே இருந்தாரு. அப்பறம் நிமுந்தாருங்க.”

“மூஞ்சி?”

“போலீஸ் புடிச்சவராட்ட முழிக்கலீங்க,” என்றாள் தாரணி.

நிலையத்துக்குள் பதிந்த எந்தக் கனவும் அளக்கப்படாமல் வெளியே போகக் கூடாது. அந்தக் குப்பியைத் தட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று நிவேதிகாவுக்கு நன்றாகத் தெரியும். மணி அடிக்கும். ஆலை வண்டி வரும். தெளிக்கிற கையையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஆறு மாதத்தில் சோப்பு உறையில் எவனோ மூன்று விரலைக் குவித்துக்கொண்டு நிற்பான்.

மேசை இழுப்பறையில் அன்று காலை நிவேதிகாவே கண்ட கனவின் குப்பி கிடந்தது. ஆறும் பாட்டும் கன்னக்குழியுமாக, அப்பட்டமான படம். அதை எடுத்துத் தாரணியின் பெயரை எழுதித் தட்டில் வைத்தாள். சீட்டு வந்தது. தொண்ணூற்றெட்டு. இத்தனை வருட வேலையில் அவள் செய்த முதல் கலப்படம் அதுதான்.

தாரணியின் குப்பியை எடுத்து, அதன்மேல் ‘பழசு’ என்ற முத்திரையை அழுத்திக் குத்தினாள்.

“செல்லாதுங்க அக்கா. காப்பி. விதிப்படி உங்ககிட்டயே திருப்பிக் குடுக்கணும்.”

தாரணி முத்திரையைப் பார்த்தாள். பிறகு நிவேதிகாவைப் பார்த்தாள். குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு, “ரொம்ப நல்லதுங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

எதிரே ரித்தீஷ் மாமா வந்துகொண்டிருந்தார். மத்தியானத் தூக்கத்தையும் விடுவதாக இல்லை அவர்.

“ஏனம்மணி, அந்தப் புள்ளையோடதும் பழசுதானா?”

“ஆமாங்க மாமா.”

“போச்சாது, விடு. இந்த ஊர்ல புதுசுன்னு ஒண்ணுமே இல்லையாட்ட இருக்குது.” குப்பியை நீட்டினார்.

“வாய்க்காலுங்களா?”

“வேறென்ன.”

நிவேதிகா அதைத் தட்டில் வைக்கவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தி, அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

“பழசுங்க. தொட்டீல போட்டுராதீங்க. வீட்டுக்குக் கொண்டு போங்க.”

“பழசக் கொண்டு போயி என்ன பண்றது?”

“குளிங்க மாமா,” என்றாள்.