பதிவேறக் காத்திருப்பவை

மாமனார் வீட்டை அடைந்தபோது மதியம் இரண்டு மணி. கோத்தா திங்கியில் காலையிலிருந்தே மழை. காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பின் இருக்கையிலிருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வாசலில் சாவியோடு செல்வா நின்றிருந்தான். என் மனைவி லோஷினியின் தம்பி. லோஷினி போன டிசம்பர் வெள்ளத்தில் இறந்தாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் இல்லை. மாமனாரும் மாமியாரும் உலு திராமில் செல்வாவோடு இருக்கிறார்கள்.

"சாப்பிட்டீங்களா மச்சான்?"

"ம்."

"பொய் சொல்லாதீங்க லா. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நாசி லெமாக் வாங்கியாந்திருக்கேன், பிடிங்க."

கூடத்துச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு என் நெஞ்சுயரத்தில் இருந்தது. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு உரிந்து கிடந்தது. சேற்று வாடை இன்னும் போகவில்லை.

"அக்கா லேப்டாப்பு மேல ரூம்லதான் இருக்கு," என்றான் செல்வா. "அக்கா வச்ச எடத்துலயே. யாரும் தொடல. கரண்ட்டு இருக்கு. நாளைக்குத் திவசத்துக்கு அக்கா சிரிச்ச படம் ஒண்ணு அப்பா கேக்கறாரு. இப்ப மாட்டியிருக்கறது ஐ.சி. படம், அடையாளக் கார்டுக்கு எடுத்தது. அதுல அக்கா போலீஸ்ல பிடிபட்ட மாதிரி முழிக்கிறாளாம்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"எனக்கு ஷிப்ட் இருக்கு மச்சான். போறப்ப சாவிய வெளிய இருக்கற ஷூ அலமாரிக்குள்ள போட்டுடுங்க."

அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் தேயும்வரை நின்றிருந்துவிட்டு மாடி ஏறினேன்.

மேல் அறைக்கு வெள்ளம் வரவே இல்லை. வெள்ளை அடித்த சுவர் அப்படியே இருந்தது. ஆனால் சேற்று வாடை கீழே இருந்ததைவிட இங்கே அதிகம்.

ஜன்னல் ஓரம் ஒரு மேசை. அதன்மேல் மூடிய லேப்டாப். எதிரே ஒரு மெத்தை நாற்காலி. உட்கார்ந்தேன். ஈரமாக இருந்தது. ஓடு ஒழுகுகிறது என்று நினைத்தேன். அண்ணாந்து பார்க்கவில்லை.

அவள் படங்களைச் சேமித்து வைத்திருந்த இணையக் கணக்கின் கடவுச்சொல் எனக்குத் தெரியாது. அது திறந்த நிலையில் இருப்பது இந்த லேப்டாப்பில் மட்டும்தான். பதினைந்து ஜிபி இடம். ஒரு வருடமாக முழுவதும் நிறைந்திருக்கிறது. இன்று மாலை ஆறு மணிக்குள் இடம் காலி செய்யாவிட்டால் படங்கள் அனைத்தும் நீக்கப்படும் என்று போன வாரம் என் மின்னஞ்சலுக்கு அறிவிப்பு வந்தது. கூடுதல் இடம் வாங்கலாம். அதற்கு அவள் எண்ணுக்குப் போகும் குறியீடு வேண்டும். அந்த எண் இப்போது வேறு யாரிடமோ.

நான் சேனாயில் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். கூலாயில் எங்கள் வீட்டில் அவள் வாரம் தவறாமல் சொல்வாள். "பேக்டரில ரெண்டாயிரம் பேரு கம்ப்யூட்டர கிளீன் பண்ற. பொண்டாட்டி அக்கவுண்ட்ட கிளீன் பண்ண ஒனக்கு நேரமில்ல, என்னா விஜி?"

ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன் என்பேன். ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொன்னேன்.

வெள்ளம் வந்த அன்று, தன் அப்பாவின் சாமான்களை மாடிக்கு ஏற்ற அவள் இங்கே வந்திருந்தாள். மாலை கூலாய்க்குத் திரும்பும் வழியில் என்னை மூன்று முறை அழைத்தாள். நான் வேலையிடத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். பிறகு ஒரு செய்தி வந்தது. நேரம் 4:52.

"வீடியோ எடுத்து நம்ம ஆல்பத்துல போட்டேன் விஜி. ஏற மாட்டேங்குது. இடம் இல்லையாம்."

செம்பனைத் தோட்டத்துக்குள் கார் கிடைத்தது. மூன்றாம் நாள் அவள் கிடைத்தாள். போன் கிடைக்கவில்லை. ஆற்றோடு போயிருக்கும் என்றார்கள்.

லேப்டாப்பைத் திறந்தேன். என் போனிலிருந்து இணையம் கொடுத்தேன். சிக்னல் ஒரு கோடு.

முதலில் குப்பைகள். ஸ்கிரீன்ஷாட்டுகள், கடையில் எடுத்த செருப்புப் படங்கள், ஒரே சட்னியின் ஆறு படங்கள். அழித்தேன். அழித்தவை போய்ச் சேரும் தொட்டியையும் காலி செய்தேன். அதைச் செய்தால்தான் இடம் கிடைக்கும். செய்துவிட்டால் எதையும் மீட்க முடியாது.

ஒரு ஜிபி காலியானது. நிம்மதியாக நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு வாய் சாப்பிட்டு நிமிர்ந்தேன்.

பதினைந்தும் மறுபடி நிறைந்திருந்தது.

திரையின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி.

பதிவேறுகிறது. சாதனம்: லோஷினி போன். காத்திருப்பவை: 327.

சர்வரில் சிக்கிய பழைய வரிசை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையிடத்தில் தினமும் சொல்லும் பதில்தான்.

புதிதாக ஏறியிருந்த முதல் படத்தைத் திறந்தேன். ஏறக்குறைய முழு இருட்டு. வெளிச்சத்தைக் கூட்டினேன். ஒரு மேசை. அதன்மேல் மூடிய லேப்டாப். பக்கத்தில் இந்த ஜன்னல்.

தேதி: நேற்று. நேரம்: 4:52.

அடுத்தது முந்தாநாள். அதே மேசை, அதே லேப்டாப், அதே நேரம். அடுத்தது அதற்கு முந்தின நாள். ஏறியிருந்த இருபத்தைந்தும் அப்படியே. எல்லாம் ஒரே உயரத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வரும் உயரம்.

எழுந்து போயிருக்க வேண்டும். களைப்பாக இருந்தது. ஒரு வருடமாக இருக்கும் களைப்பு. அதில் பயத்துக்குக்கூட இடமில்லை. வரிசையை மட்டும் யோசித்தேன். புதியது முதலில் ஏறுகிறது, பழையது கடைசியில். அப்படியானால் அவள் காரிலிருந்து எடுத்த வீடியோ எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. ஒரு வருடமாக அதில் என்ன இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதைப் பார்க்க இடம் வேண்டும். ஏறிய இருட்டுப் படங்களை முதலில் அழித்துப் பார்த்தேன்; அவை மட்டும் அழியவில்லை.

அவளுடைய கல்லூரிப் படங்களை அழித்தேன். நாற்பது நாட்கள் ஏறின. நிச்சயதார்த்தத்தை அழித்தேன். இன்னும் அறுபது. இருட்டுப் படம் ஒன்று எப்படி இவ்வளவு இடம் பிடிக்கிறது என்று நான் பார்க்கவில்லை. கல்யாணப் படங்களில் கை கொஞ்சம் தயங்கியது. அழித்தேன். ஜூன், மே, ஏப்ரல் என்று பின்னோக்கிப் போனது. ஒவ்வொரு நாளும் மூடிய லேப்டாப்.

செல்வா அழைத்தான்.

"படம் கெடைச்சிச்சா மச்சான்?"

"பாத்துட்டிருக்கேன்."

"தேசாரு பீச்சுல எடுத்த வீடியோ இருக்கும் பாருங்க. அலையப் பாத்து ஓடியாந்து விழுவாளே, அதுல நல்லா சிரிப்பா. அதுலேர்ந்து எடுங்க." கொஞ்சம் நிறுத்தினான். "என்னா மச்சான், பைப்ப தொறந்து வுட்டிருக்கீங்களா? தண்ணி சத்தம் கேக்குது."

"மழை."

"மழையா? இவ்ளோ கிட்டவா?"

அழைப்பைத் துண்டித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். மழை எப்போதோ விட்டிருந்தது.

மீதம் இருபது. இப்போது மேசை இல்லை. மாடிப்படி, கூடத்துச் சுவர், வெள்ளக் கோடு. அதற்கு முந்தைய நாட்களில் தார் சாலை. அதற்கும் முன்னால் செம்பனை மரங்களின் அடிப்பகுதி, தரையோடு தரையாக எடுத்தது போல. பிறகு வெறும் பழுப்பு நிறம்.

மீதம் ஒன்று.

அவளுடைய பழையவற்றில் எஞ்சியிருந்ததும் ஒன்றுதான். தேசாரு வீடியோ. அதையாவது என் போனில் இறக்கிவைக்கலாம் என்று பார்த்தேன். மூன்று மணி நேரம் ஆகும் என்றது. கடிகாரத்தில் நாலே முக்கால். ஆறு மணிக்குள் இடம் காலியாகாவிட்டால் இரண்டுமே போய்விடும்.

தரத்தைக் குறைத்து ஒருமுறை ஓடவிட்டேன். அலை வருகிறது. அவள் கத்திக்கொண்டு ஓடி வந்து என்மேல் விழுகிறாள். படம் ஆடுகிறது. சிரிப்பு மட்டும் கேட்கிறது.

அழித்தேன். தொட்டியைக் காலி செய்தேன்.

வீடியோ ஏறியது.

முதலில் மழையும் வைப்பர் சத்தமும். கண்ணாடிக்கு வெளியே பழுப்புத் தண்ணீர். பிறகு அவள் முகம்.

"விஜி, இங்க பாரு. ரோடே தெரியல. நீ போனும் எடுக்க மாட்ற. நான் திரும்பி அப்பா வூட்டுக்கே போயிடறேன். மேல ரூம்ல ஒக்காந்திருக்கேன். நீ வந்து கூட்டிட்டுப் போ, சரியா?" கேமராவை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். "ஞாயித்துக்கெழமைன்னு சொல்லாத."

அவ்வளவுதான். நாற்பது விநாடி.

மறுபடி ஓடவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு குரலை மட்டும் கேட்டேன். நிமிர்ந்தபோது அந்த மூலை எழுத்து மாறியிருந்தது.

காத்திருப்பவை: 1.

இந்த முறை எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. அது தானாக ஏறியது. இருட்டு இல்லை, தெளிவான படம். கீழே கூடத்திலிருந்து வாசலைப் பார்த்து எடுத்தது. திறந்த கதவு, ஈரமான முற்றம், கேட்டுக்கு வெளியே என் கார்.

தேதி: இன்று. நேரம்: 4:52.

மாடியில் உட்கார்ந்தபடி என் போனைப் பார்த்தேன். 4:53.

மாடிக்கு வரும்போது நான் வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன்.

லேப்டாப்பை மூடினேன். எழுந்தபோது நாற்காலி மெத்தையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. படிகள் காய்ந்திருந்தன. கதவு அகலத் திறந்திருந்தது. பூட்டினேன். சாவியை ஷூ அலமாரிக்குள் போட்டேன். பையைப் பின் இருக்கையில் வைத்தேன்.

செல்வா மறுபடி அழைத்தான்.

"கெடைச்சிச்சா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன் செல்வா."

"அலமாக்! என்னா மச்சான், வெளையாடறீங்களா? அப்பாகிட்ட நான் என்னா சொல்றது?"

"ஐ.சி. படமே இருக்கட்டும்."

அவன் மூக்கை உறிஞ்சினான். அழுகிறான் என்று தெரிந்தது. நான் வைத்துவிட்டேன்.

காரைக் கிளப்பினேன். பத்தடி நகர்வதற்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. இடது பக்க முன் இருக்கை, பெல்ட் போடவில்லை என்றது.

இருக்கை காலியாக இருந்தது. ஆனால் துணி கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது, ஈரம் ஏறுவது போல.

சேற்று வாடை.

காரை ஓரம் கட்டினேன். கையை நீட்டி, அந்தப் பக்கத்துப் பெல்ட்டை மெதுவாக இழுத்து மாட்டினேன்.

இழுத்த பெல்ட் இருக்கையோடு படியவில்லை. நடுவில் எதன் மீதோ அழுந்தி நின்றது.

மணி நின்றது.