ஒரு மடக்கு டான்டிலயன்!

போன் அலறியது.

எடுத்தாள் இன்ஸ்பெக்டர் ஜெபசுதா.

"மேடம்... ஹார்பர் ரோடு மூலிகை குடோன் மேனேஜர் வன்னியபெருமாள் பேசுதேன்! எங்க முதலாளி செல்வதுரை அண்ணாச்சி டீ குடிச்சிட்டே விழுந்துட்டாவ! வாயெல்லாம் நுரை... மூச்சு இல்ல மேடம்!"

ஜீப் பறந்தது.

குடோன் கதவைத் திறந்ததுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. வாந்தி. ஈரச் சாக்கு. எல்லாவற்றுக்கும் மேல் எலி மூத்திரம்!

ஜெபசுதா கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினாள்.

செல்வதுரை மேஜைக்கடியில் கிடந்தார். மீசையில் நுரை காய்ந்திருந்தது. திறந்த கண்ணில் ஓர் ஈ.

மேஜை மேல் ஒரு ஃபிளாஸ்க்... பாதி குடித்த கப்... ஒரு கருப்பட்டி டப்பா.

வெளியே கன்டெய்னர் லாரி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன டீ இது?"

"டான்டிலயன் மேடம்," என்றான் வன்னியபெருமாள். "சீமையில முளைக்கிற மஞ்சப் பூச்செடி. காஞ்ச இலையும் வேரும் வாங்கி, பாக்கெட் போட்டு துபாய்க்கு ஏத்துதோம். கல்லீரலுக்கு, கால் வீக்கத்துக்குன்னு வீட்டு வைத்தியமா குடிக்காவ. கன்டெய்னருக்கு சீல் வைக்க முந்தி, ஏத்துற சரக்குல ஒரு டீ போட்டு அண்ணாச்சி ருசி பாப்பாவ. எட்டிக்காயாக் கசக்கும்... கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டுதான் குடிப்பாவ."

"ஏலே! உன்னய யாருலே போலீஸக் கூப்பிடச் சொன்னது?"

சீறியபடி வந்தாள் ஈவாஞ்சலின். செல்வதுரையின் மனைவி. சேலை மடிப்புக் கலையவில்லை. கண்ணில் பொட்டு ஈரமில்லை!

"அவுகளுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி உண்டு மேடம். இது அட்டாக். லாரிய விடுங்க. கப்பல் நமக்காவ நிக்காது!"

ஜெபசுதா லாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீயில விஷம் இருந்தா? அதே சரக்குதான் அந்த லாரியில போகுது. எத்தனை நோயாளி குடிப்பான்? ரிப்போர்ட் வராம லாரி நகராது. இஞ்ஞாசிண்ணே... சாவியப் பிடுங்குங்க!"

ஏட்டு இஞ்ஞாசி ஓடினார். லாரியின் உறுமல் அடங்கியது.

"விஷமா? என் சரக்குலயா?"

பாய்ந்தாள் ஈவாஞ்சலின்! யாரும் தடுப்பதற்குள் ஃபிளாஸ்க்கைத் திறந்து, அப்படியே வாயில் கவிழ்த்தாள்!

"ஏம்மா! துப்புங்க... துப்புங்க!"

மடக்... மடக்...

விழுங்கிவிட்டாள்!



ஒரு நிமிஷம்... இரண்டு... ஐந்து. ஜெபசுதா அவள் தொண்டையையே பார்த்தபடி நின்றாள்.

ஒன்றும் ஆகவில்லை!

ஈவாஞ்சலின் உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தீங்களா? கல்லு மாதிரி நிக்கேன். லாரிய விடுங்க!"

உவ்வே...!

மூலையில் குனிந்து ஓங்கரித்தான் வன்னியபெருமாள்.

"அவங்க குடிச்சா உமக்கு ஏன்யா வாந்தி?"

"மேடம்... டான்டிலயன் ஒரே ஒரு சாக்கு மூட்டைதான்! மிச்சமெல்லாம் உப்பளத்து ஓரம் பிடுங்குன களை... குடோன் கூட்டுன குப்பை... எலிப் புழுக்கை! இந்த ஈவாஞ்சலின் அக்கா சொல்லித்தான் கலந்தேன்!"

"வாய மூடுலே!"

"அண்ணாச்சிக்கு நேத்துதான் சந்தேகம் தட்டுச்சு. 'நாளைக்கு ருசி பாப்பேன். சரியில்லன்னா மொத்தத்தையும் கொளுத்திருவேன்'னு சொன்னாவ மேடம்!"

"தூ!" ஜெபசுதா கர்ச்சீப்பை உதறினாள். "நோயாளி நம்பிக் குடிக்கிறதுல எலிப் புழுக்கை!"

"கலப்படக் கேஸ்தானே? போட்டுக்கிடுங்க," ஈவாஞ்சலின் அலட்சியமாகச் சொன்னாள். "விஷம் இல்லன்னு நிரூபிச்சாச்சு."

"அதான் இடிக்குது."

"எது?"

"வாயில நுரை தள்ளிச் செத்தவரு குடிச்ச ஃபிளாஸ்க். அதத் தொடவே இங்க எல்லாரும் பயப்படுதோம். நீங்க மட்டும் தண்ணி மாதிரி குடிக்கீங்க. டீயில விஷம் இல்லன்னு யாருக்கு அவ்வளவு உறுதியாத் தெரியும்? வேற எதுலயோ வெச்சவங்களுக்குத்தான்!"

ஈவாஞ்சலின் முகம் வெளுத்தது.

ஜெபசுதா கையுறை மாட்டினாள். டப்பாவைத் திறந்தாள். ஒரு துண்டு எடுத்து நீட்டினாள்.

"கசப்பா இருந்திருக்குமே... கருப்பட்டி கடிச்சுக்கிடுங்க."

பின்வாங்கினாள் ஈவாஞ்சலின். முதுகு சுவரில் மோதியது.

"வேண்டாம்..."

"சும்மா கடிங்கம்மா!"

"ஐயோ வேண்டாம்! அதுல எலி மருந்து..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாமதமாகிவிட்டது!

க்ளிக்! விலங்கு பூட்டியது.

லாரி அங்கேயே நின்றது.

ஜீப் படியில் கால் வைத்த ஈவாஞ்சலின் திடீரென வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள்.

"மேடம்... கொடலப் பிசையுது! டீயிலயும் விஷம் கலந்திருக்குமோ? நான் செத்துருவேனா மேடம்?"

ஜெபசுதா அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தாள்.

"பயப்படாதீங்கம்மா... இது விஷமில்ல. உங்க எக்ஸ்போர்ட் குவாலிட்டி!"