வளைக்குள் போன உடும்பு

பாலர் வகுப்பு நிர்மலாதேவி டீச்சர் ஆதிலட்சுமிக்கு அத்தை. அதனால் மதியம் சாப்பிட்டதும் அவள் தன் நாலாம் வகுப்பிலிருந்து அங்கே ஓடிவிடுவாள்.

பாலர் வகுப்பில் படத்துண்டுகளைச் சேர்க்கும் மரப்பலகை ஒன்று புதிதாக வந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்கள் மணலில் உடும்பின் தடம் பார்த்துப் போகும் படம்.

மற்ற பிள்ளைகள் நிறம் பார்த்துச் சேர்த்தார்கள். இருளர் வீட்டுப் பிள்ளை அம்மாவாசை தடம் பார்த்துச் சேர்த்தான்.

“கால் இப்பிடிப் போவுது. நடுவுல வால் இழுத்துக்கினு போவுது. அப்ப உடும்பு இங்கதான்.”

துண்டு சரியாக உட்கார்ந்தது.

“எங்கப்பாவும் இப்பிடித்தான் பாப்பாரு. நாளைக்கிப் பெத்தவங்க கூட்டத்துக்கு வராரு. செஞ்சி காட்டுவேன்,” என்றான்.

“ஐயே, உங்க ஊட்ல உடும்புக் கொழம்பா?” என்றாள் செசில். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் அம்மாவாசையும் சிரித்தான்.

ஆதிலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு அவன் அப்பா முன்னாலும் சிரிப்பார்களே. உடும்புத் துண்டை எடுத்துச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவன் அப்பா, மேட்டுப்பாளையம் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, துவைத்த சட்டை போட்டு வந்தார். அம்மாவாசை பாயைத் தூக்கிப் பார்த்தான். டப்பாவைக் கவிழ்த்தான். தடம் போய் முடிந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

“உடும்பு எங்கடா?”

“வளைக்குள்ள பூந்துக்கிச்சிப்பா,” என்றான்.

“உடு. பசிச்சா வெளிய வரும்.”

யாரும் சிரிக்கவில்லை. ஆதிலட்சுமியின் கை பைக்குள் துண்டைப் பிடித்தபடியே இருந்தது. எடுத்துக் கொடுக்க வெட்கமாக இருந்தது. அதற்குள் அம்மாவாசையின் அப்பா கிளம்பிவிட்டார்.

அடுத்த நாள் துண்டை அம்மாவாசை கையில் வைத்தாள். “நான்தான்டா ஒளிச்சி வச்சேன். உன்னப் பாத்துச் சிரிப்பாங்கன்னு.”

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அப்பா பாக்கலியேக்கா,” என்றான்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவள் அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். “பலகைய அவங்க ஊட்டுக்கு எடுத்துக்கினு போவட்டுமா அத்தே?”

“நேத்தே வாயத் தொறந்திருக்கலாம்ல? சரி, போ. துண்டு தொலையக் கூடாது.”

“இனிமே தொலையாது அத்தே.”

மாலையில் கூட்டிப்போக வந்த அவன் அம்மா முன்னால் நடந்தார். பலகையின் ஒரு பக்கத்தை ஆதிலட்சுமியும் மறுபக்கத்தை அவனும் பிடித்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் பின்னால் போனார்கள். உடும்பு அம்மாவாசையின் கைக்குள் இருந்தது.

அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“அப்பா, அதுக்குப் பசிச்சிடுச்சி,” என்று கையை விரித்தான் அம்மாவாசை.