காவல் செல்கள் போன திசை

நெஞ்சு நோய்ப் பிரிவு புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு, பழைய வார்டு டாக்டரம்மாவுக்கு ஆய்வுக்கூடமாகக் கிடைத்தது. நுரையீரலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் காவல் செல்களைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. இடத்துக்காக அலைந்து அலுத்துப்போனவர், சுவரெல்லாம் ஓதம் ஏறியிருப்பதைப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை. வார்டின் கோடியில் ஓர் அறை மட்டும் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடமும் இல்லை.

உடன் வந்தவர் ஆய்வக உதவியாளர். மூக்குக் கண்ணாடியின் தடிமனால் எல்லோருக்கும் அவர் சோடாபுட்டி. போனில் பேசும்போது அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார். முதல் நாள் காலை ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டும் வாடை போகவில்லை. மருந்து வாடை இல்லை அது. காய்ச்சல்காரர் வாய்க்கருகே குனிந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வெதுவெதுப்பான வாடை.

நோயில்லாத ஒருவரின் நுரையீரலைக் கழுவி எடுத்த செல்கள் கண்ணாடித் தட்டில் இருந்தன. நுண்ணோக்கியில் பார்த்த டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். தட்டெங்கும் பரவிக் கிடக்க வேண்டிய செல்கள் ஒரே ஓரத்தில் குவிந்திருந்தன. மேசை சாய்ந்திருக்கும் என்றார் சோடாபுட்டி. தட்டைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். வந்து பார்த்தபோது செல்கள் மறுபடி இடம் மாறியிருந்தன.

பூட்டிய அறையின் பக்கம்.

காவல் செல்கள் சும்மா நகராது. கிருமி இருக்கும் திசையைத் தேடித்தான் போகும். தட்டிலோ ஒரு கிருமியும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

நீளமான, சளி கட்டிய இருமல். அது ஓய்ந்ததும் தட்டின் மூடியில் ஆவி படர்ந்தது, யாரோ குனிந்து ஊதினாற்போல.

போய்விடலாம் என்றார் டாக்டரம்மா. சோடாபுட்டியும் பயந்த ஆள்தான். ஆனால் நோயாளி யாராவது உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிட்டா போவது என்று முனகிக்கொண்டே பூட்டை உடைத்தார்.

உள்ளே ஆளில்லை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்ததால் நடுப்பகலிலும் இருட்டு. துருப்பிடித்த இரும்புக் கட்டில் ஒன்று. அதன் கம்பிவலை, யாரோ படுத்து மூச்சு விடுவதுபோல, மெல்லத் தாழ்ந்து மெல்ல எழுந்தது.

"மேடம்," என்றார் சோடாபுட்டி, மிக மெதுவாக. "என் முகத்துக்கு நேரா யாரோ மூச்சு விடறாங்க."

அவர் வாய் தானாகத் திறந்தது.

காற்றை உள்ளே இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். நெஞ்சு புடைத்து, உதடு நீலம் பாரித்து, நின்றபடியே சரிந்தார்.

டாக்டரம்மா அவரை வெளியே இழுத்துப் போட்டு, வாயோடு வாய் வைத்து ஊதினார். நெஞ்சு அசையவில்லை. மூச்சைத் திரட்டி மறுபடி ஊதினார்.

உள்ளிருந்து யாரோ திருப்பி ஊதினார்கள்.

டாக்டரம்மாவின் தொண்டைக்குள். வெதுவெதுப்பாக.

அந்தக் கணமே சோடாபுட்டி இருமிக்கொண்டு கண் விழித்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். பார்க்கப் போன டாக்டரம்மாவைக் கண்டதும் அவர் கட்டிலில் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"கிட்ட வராதீங்க மேடம். என்னை விட்டுப் போயிடுச்சு," என்றவரின் குரல் இறங்கியது. "அதுக்கு நான் வேணாமாம்."

டாக்டரம்மா அங்கிருந்து நேராகத் தங்கையிடம் போனார். அவளும் நெஞ்சு மருத்துவர்தான். அக்காவுக்கு எடுத்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவள், இவ்வளவு சுத்தமான நுரையீரலை நான் பார்த்ததே இல்லை, சோறு தண்ணி மறந்து வேலை பார்த்தால் இப்படித்தான் எதையாவது நினைக்கத் தோன்றும் என்று செல்லமாகத் திட்டினாள். ஆனாலும் அக்கா முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்தாள்.

"இழு... விடு... இப்போ மூச்சைப் பிடிச்சுக்கோ."

கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பிடிச்சுக்கோன்னு சொன்னேன்ல அக்கா."

டாக்டரம்மா உதடுகளை இறுக மூடியிருந்தார். மூக்கை விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணில் நீர் முட்ட, பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

தங்கை ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.