மச்சானின் வயிறும் உம்மாவின் பரீட்சையும்

ராத்தாவுக்குக் கல்யாணம் முடிந்த மறுநாளே அவளுடைய தங்கை ரிஸ்லாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் இல்லை. லீவும் இல்லை.

அவர்கள் வீட்டுக் குசினி வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கும். திரைக்கு உள்ளே அடுப்படியில் உம்மா. வெளியே ஹோலில் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் புது மச்சான் ஸஜ்ஜாத். கிண்ணியாவில் அவர்கள் தெருவில் மாமியாரும் புது மருமகனும் நேரே பேசிக்கொள்வதில்லை. பேசினால் மரியாதை இல்லையாம். ஆகவே, பதினொரு வயது ரிஸ்லா இருவருக்கும் நடுவில் ஓட வேண்டும்.

"மகள், இன்னும் ரெண்டு துண்டு பிட்டு வைக்கட்டாமா எண்டு மச்சானிட்டக் கேளுங்க."

ரிஸ்லா திரைக்கு வெளியே தலையை நீட்டினாள். "மச்சான், இன்னும் பிட்டு வைக்கட்டாமா?"

"போதும் எண்டு சொல்லுங்க."

தலை உள்ளே போனது. "போதுமாம்."

"வெக்கப்படுறார். நாலு வைங்க."

மச்சான் நாலையும் சாப்பிட்டார். தட்டில் மிச்சம் வைத்தால் மாமியின் மனம் நோகும் என்று மூதூரிலிருந்து அவருடைய உம்மா சொல்லி அனுப்பியிருந்தார். காலித் தட்டைப் பார்த்த உம்மா, "பாத்தீங்களா, அவருக்குக் காணல்ல" என்றார். அடுத்த நாள் ஆறு துண்டு வைத்தார்.

கல்யாணம் முடிந்து நாற்பது நாளும் இப்படித்தான் போனது.

அவர்கள் ஊரில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வருவார். அதனால் காற்று வரும் முன்னறை ஷிஃபானா ராத்தாவுக்கும் மச்சானுக்கும் போனது. உம்மாவும் ரிஸ்லாவும் குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறைக்கு வந்தார்கள். கத்தாரில் வேலை செய்யும் வாப்பா, "எல்லாரும் சந்தோஷமா இரிக்கிறீங்கதானே?" என்று தொலைபேசியில் கேட்டார். "ஓம்" என்றார் உம்மா.

முன்னறை ஜன்னலுக்குக் கீழேதான் உம்மாவின் மேசை இருந்தது. துணி வெட்டுகிற நீளமான பலகை மேசை. அதை ஹோலுக்குக் கொண்டுவந்து, மேலே பூப்போட்ட விரிப்புப் போட்டு, மச்சானுக்குச் சாப்பாட்டு மேசை ஆக்கிவிட்டார்கள். உம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. உம்மாவே விரிப்பை விரித்தார்.

தையல் மெஷின் சின்ன அறையின் மூலையில் நின்றது. அங்கே ஒரு சேர்ட்டை விரித்து வெட்ட இடமில்லை.

உம்மாவுக்குப் பெயர் நஜ்முன் நிஸா. அவரை எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். போன வருடம், நாற்பத்திரண்டு வயதில், அவராகவே போய்த் தையல் வகுப்பில் பெயர் கொடுத்தார். கொப்பி வாங்கினார். கொப்பிக்கு உறை போட்டார். முதல் பக்கத்தில் தன் பெயரை மூன்று தடவை எழுதிப் பார்த்து, அழகான ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தார். இதையெல்லாம் ரிஸ்லா பார்த்துக்கொண்டே இருந்தாள். உம்மாவைப் போல வேறு யாரையும் அவளுக்குப் பிடிக்காது.

இப்போது செய்முறைப் பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. ஆறு மணித்தியாலத்தில் ஓர் ஆண் சேர்ட்டை வெட்டித் தைத்து முடிக்க வேண்டும். அதில் தேறினால் சான்றிதழ். சான்றிதழ் கிடைத்தால் உம்மாவே தையல் வகுப்பு நடத்தலாம்.

ஆனால், உம்மா எப்போது பழகுவது? விடிய முன்பே எழுந்து மாவை அவித்து, தேங்காய் துருவி, மச்சான் ஆறு மணி பஸ்ஸுக்குப் போகுமுன் பிட்டும் கறியும் பொரியலும் செய்கிறார். பிறகு பகலுக்கு. பிறகு இரவுக்கு.

புதன்கிழமை பின்னேரம் ரிஸ்லா பாடசாலை விட்டு வந்தபோது, உம்மா மெஷினில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஊசியில் ஒரு சேர்ட் கை மாட்டியிருந்தது. அதை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்திருந்தார்.

எழுந்ததும் உம்மா அந்தக் கையைப் பார்த்தார். ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்.

"மகள், நாளைக்குப் போற வழியில தையல் வகுப்பு லைலா டீச்சரிட்டச் சொல்லிப்போட்டுப் போங்க. இந்தமுறை நான் பரீட்சைக்கு வரல்ல எண்டு."

"ஏன் உம்மா?"

"ஏலாது. அடுத்த வருஷம் பாப்பம்."

"அடுத்த வருஷம் மச்சான் சாப்பிட மாட்டாரா?"

உம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மச்சானிட்ட இதச் சொல்லிப்போடாதீங்க. தன்னாலதான் எண்டு நினைச்சிருவார். பாவம்."

"சரி, சொல்லல்ல. ஆனா, டீச்சரிட்டச் சொல்ல எனக்கு ரெண்டு நாள் தாங்க."

"எதுக்கு?"

"சும்மா தாங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் முற்றத்தில் நடந்தார். கிணற்றடியிலிருந்து வாசல் கேற் வரைக்கும். கேற்றிலிருந்து கிணற்றடி வரைக்கும். ஒன்பதாவது சுற்றில் ரிஸ்லா குறுக்கே போய் நின்றாள்.

"என்ன மச்சான் தேடுறீங்க?"

"என்ட பழைய வயித்த."

அவர் படியில் உட்கார்ந்து இடுப்புப் பட்டியைக் காட்டினார். கடைசி ஓட்டைக்குப் பிறகு ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது.

"துறைமுகத்துல எங்கட தொழிற்சாலையில ஆறரைக்குச் சாப்பாடு குடுப்பாங்க. பரோட்டா, பருப்பு. வழமையா அதுதான் என்ட காலைச் சாப்பாடு. இப்ப அத கூட வேல செய்ற றிகாஸுக்குக் குடுத்திட்டிருக்கன். றிகாஸும் கொழுத்துப்போய்ட்டான்."

"உம்மாட்டச் சொல்லுங்களேன்."

"ஐயோ, வேணாம். எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்றா. மனம் நொந்திடும். நீங்களும் சொல்லிப்போடாதீங்க, சரியா?"

"சரி" என்றாள் ரிஸ்லா.

பாயில் படுத்தபோது அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. நாற்பது நாளாக அவள் தேவையில்லாத பேச்சையெல்லாம் சுமந்து திரிந்திருக்கிறாள். தேவையான இரண்டு பேச்சு கிடைத்த அன்று, இரண்டு பேரும் அவளுடைய வாயைக் கட்டிவிட்டார்கள்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அவர்களாகவே கண்டுபிடித்தால்?

அடுத்த நாள் பின்னேரம் அவள் உம்மாவிடம் போனாள். "உம்மா, பரீட்சை எழுதினாலும் எழுதாட்டியும் ஒரு சேர்ட் தைச்சுப் பாருங்க. உண்மையான ஆள அளந்து."

"உண்மையான ஆளுக்கு எங்க போற? வாப்பா கத்தார்ல."

"வீட்டுலதான் ஒரு ஆள் இரிக்காரே."

"மருமகனையா? வெக்கம் மகள்."

"நீங்க அளக்க வேணாம். நான் அளக்கிறன். நீங்க திரைக்குப் பின்னால நிண்டு எழுதுங்க."

உம்மா யோசித்தார். ஒரு சேர்ட் தைத்துப் பார்க்க அவருடைய விரல்களுக்கு ஆசைதான்.

மச்சான் வேலை முடிந்து வந்து, தேநீர் குடித்துவிட்டு, திரைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். ரிஸ்லா கதிரையில் ஏறி அளவு நாடாவைப் பிடித்தாள். ராத்தா அலுமாரியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"தோள் பதினெட்டு."

"பதினெட்டு" என்றது திரை.

"கை இருபத்திநாலு."

"இருபத்திநாலு."

"வயிறு முப்பத்தேழு."

திரைக்குப் பின்னால் பென்சில் நின்றது.

"சரியாப் பாருங்க மகள். கல்யாணச் சேர்ட்டுக்கு மூதூரிலிருந்து வந்த அளவுத் துண்டுல முப்பத்திநாலு எண்டு இரிக்கு."

"முப்பத்தேழுதான் உம்மா. மச்சான் மூச்ச இழுத்துப் பிடிச்சும் முப்பத்தேழு."

ராத்தாவுக்குச் சிரிப்பு வெடித்தது. மச்சான் இழுத்துப் பிடித்த மூச்சு, புஸ் என்று வெளியே போனது. நாடா ரிஸ்லாவின் கையிலிருந்து நழுவியது.

"மாமி" என்றார் மச்சான். ரிஸ்லாவிடம் அல்ல. நேரே திரையிடம். "நான் வழமையா காலையில வேல செய்ற இடத்துல சாப்பிடுறனான். சும்மாவே குடுப்பாங்க."

திரை பேசியது.

"அப்ப ஏன் மகன் இங்கயும் சாப்பிட்டீங்க?"

"நீங்க வெச்சீங்க."

"நீங்க சாப்பிட்டீங்க. அதாலதானே வெச்சன்."

ரிஸ்லா கதிரையிலிருந்து இறங்கினாள். "மச்சான், இந்தச் சேர்ட் எதுக்கு எண்டு உம்மாட்டக் கேளுங்க."

"எதுக்கு மாமி?"

"ஒரு பரீட்சை இரிந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை. நான் எழுதல்ல."

"ஏன்?"

ரிஸ்லாவின் கண் சாப்பாட்டு மேசைக்குப் போனது. மச்சான் திரும்பிப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கினார். கீழே பலகையில் சோக்குக் கோடுகளும் கத்தரிக்கோல் கீறல்களும் கிடந்தன. நாற்பது நாளாகத் தான் எதன் மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஷிஃபானா, ஒனக்கு இது தெரியுமா?"

ராத்தாவின் சிரிப்பு போய்விட்டது. "உம்மா விருப்பத்தோடதான் செய்றா எண்டு நினைச்சன்."

"எல்லாரும் நினைச்சீங்க" என்றாள் ரிஸ்லா. "ஒருத்தரும் கேக்கல்ல."

மச்சான் விரிப்பை மடித்து ராத்தாவின் கையில் கொடுத்தார். "ரிஸ்லா, அந்தப் பக்கத்தப் பிடிங்க. இந்த மேச முந்தி எங்க இரிந்தது?"

"ஒங்கட அறை ஜன்னலுக்குக் கீழ."

"அப்ப அங்கதான் போகோணும். பகல்ல அந்த அறையில எங்களுக்கு என்ன வேல? நான் துறைமுகத்துல, இவ படிப்பிக்கிற பாலர் பாடசாலையில."

உம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சுவரில உரசாமத் தூக்குங்க. கால் ஒண்டு ஆடும்" என்றார்.

அன்று இரவு நாலு பேரும் பாயில் உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிட்டார்கள். மூதூரில் தன் வீட்டிலும் இப்படித்தான் என்றார் மச்சான். விடியற்காலைச் சமையல் நின்றது. ஒரு தேநீர் போதும். பகலுக்கு உம்மா ஒரு கறி வைத்தால் போதும். இரவுச் சமையல் ராத்தாவுக்கும் மச்சானுக்கும். மச்சான் முதல் நாள் பொரித்த மீன் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாக இருந்தது. நடுவில் நன்றாக இருந்ததாக ராத்தா சொன்னாள்.

சட்டி கழுவுவதும் மச்சான்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த உம்மு குல்சும் மாமி இதைக் கண்டுவிட்டார்.

"என்ன நிஸா, மருமகனக் கொண்டு சட்டி கழுவுவிக்கிறீங்களா?"

ஜன்னலுக்குள்ளிருந்து மெஷின் சத்தம் நிற்காமலேயே உம்மா பதில் சொன்னார். "ஓம். நல்லா வெளுக்கிறார். ஒங்கட சட்டியும் இரிந்தாத் தாங்க."

ஏழு நாளில் உம்மா ஐந்து சேர்ட் தைத்தார். முதல் கொலர் ஆட்டுக் காது மாதிரித் தொங்கியது. இரண்டாவது ஒரு பக்கம் நீண்டது. ஐந்தாவது கொலர் நிமிர்ந்து நின்றது. ரிஸ்லா மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொன்னாள். எட்டு மணித்தியாலம், ஏழரை, ஏழு, ஆறே கால், ஐந்தே முக்கால்.

சனிக்கிழமை நாலு பேரும் பாலத்தைக் கடந்து திருகோணமலைக்குப் போனார்கள். உம்மா பரீட்சை மண்டபத்துக்குள் போனார். மற்ற மூவரும் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே இருந்தார்கள். மச்சான் நகம் கடித்தார். ராத்தா ஓதினாள். ரிஸ்லா ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தாள். காவலாளி அவளை இரண்டு தடவை விரட்டினார்.

பின்னேரம் மூன்று மணிக்குக் கதவு திறந்தது. உம்மா கடைசியாக வந்தார். விரல் நுனியெல்லாம் சோக்குத் தூள்.

"என்ன உம்மா? எப்படி?"

உம்மா தண்ணீர்ப் போத்தலை வாங்கிப் பாதி குடித்தார்.

"பரிசோதிக்க வந்த மிஸ் சேர்ட்ட உள்பக்கம் திருப்பிப் பாத்தா. மறுகாத் திருப்பிப் பாத்தா. பிழை தேடினா."

"கண்டுபிடிச்சாவா?"

"எத்தன வருஷமாத் தைக்கிறீங்க எண்டு கேட்டா. அவ்வளவுதான்."

ரிஸ்லா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உம்மா வீதியை மேலும் கீழும் பார்த்தார். எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிற சத்தம் டக டக என்று கேட்டது.

"எல்லாரும் வாங்க" என்று சொல்லிவிட்டு, நஜ்முன் நிஸா முதல் ஆளாக வீதியைக் கடந்தார். "எனக்குப் பசிக்குது. இண்டைக்கு ஆராவது எனக்குச் சமைச்சுத் தரட்டும்."