அடியில் போய் உட்கார்ந்த வரைபடம்

உக்கடத்தில் இருந்த துப்பறிவாளர் அக்பர் அலியின் மாடி அறைக்கு வந்த வெங்கடபதி, நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. கிணத்துக்கடவில் அவருக்குப் பம்ப் வார்க்கும் பவுண்டரி, ஆர்.எஸ்.புரத்தில் ஆபீஸ்.

"ஏனுங்க பாய், எங்க பவுண்டரி ஆளு சுப்பையனுக்கு வலது கண்ணு போயிருச்சுங்க. பம்ப்போட கேசிங்கை, அதானுங்க வெளிக்கூட்டை, தண்ணி அழுத்தம் குடுத்து டெஸ்ட் பண்றப்ப வெடிச்சுப்போட்டுது. சுவர் கனம் பத்தலை, டிராயிங்கைத் திருத்துன்னு, வரையற புள்ள ரம்ஷாகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன். ஆயுத பூஜைக்கு மறுநா பவுண்டரியில உக்காந்து திருத்தினேன்னு சாதிக்கறா. பைல் வெக்கிற பெட்டியில பழைய டிராயிங்தான் இருக்குது. போலீசுக்குப் போறதுக்கு முன்னால நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

அக்பர் அலி உதவியாளர் மேக்னாவுடன் கிணத்துக்கடவுக்குப் போனார்.

ஆபீசில் ஒன்று, பவுண்டரியில் ஒன்று என கம்ப்யூட்டர் பைல்களைச் சேமிக்கும் இரண்டு நாஸ் பெட்டிகள். இங்கே வைக்கும் பைல் தானாகவே அங்கேயும் போய்ச் சேரும். ஒரே பைல் இரண்டு இடத்திலும் வேறு வேறாக இருந்தால், தேதியில் புதியது எதுவோ அது மற்றதை அழித்துக்கொண்டு உட்காரும். வார்ப்பு அச்சு செய்கிறவர்கள் பெட்டியில் இருப்பதைத்தான் எடுப்பார்கள்.

"வேலை போனாப் போகுதுங்க," என்றாள் ரம்ஷா. "சுப்பையண்ணன் சம்சாரம் எம் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குது. அதுதான் தாங்கலை."

"ஆபீஸ்ல யாரோ வேணும்னே பழசைப் போட்டிருக்காங்க சார்!" என்றாள் மேக்னா.

"பொறு கண்ணு."

சூப்பர்வைசர் அருண்குமார் சலித்துக்கொண்டான். "பெட்டியே கோளாறுங்க. புதுசா எதைப் போட்டாலும் வரிசையில அடியில போய் உக்காந்துக்குது, எங்க மாமனார் ஊட்டுப் பந்தியில என்னைய உக்கார வெச்ச மாதிரி."

"எப்ப இருந்துங்க?"

"பூஜைக்கு அப்புறந்தானுங்க."

அக்பர் அலி, மேக்னாவை ஒரு வெற்றுப் பைலைப் பெட்டியில் சேமிக்கச் சொன்னார். அதுவும் அடியில்தான் போனது. பிறகு பெட்டியை முறைப்படி நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். வெங்கடபதி உட்பட எல்லோரையும் கூப்பிட்டார்.

"வரிசையில புதுசு மேல, பழசு அடியில. இப்ப மேக்னா வெச்ச பைலுக்குப் பெட்டி போட்ட தேதி பத்து வருசத்துக்கு முந்தினது. உள்ள கடிகாரத்தை ஓட்டற சின்ன பேட்டரி செத்துப்போச்சு. கரண்ட் இருந்த வரைக்கும் அது வெளிய தெரியலை. கரண்ட் நின்னதும் கடிகாரம் பின்னால ஓடிருச்சு. அதுக்கப்புறம் ரம்ஷா திருத்தி வெச்சதும் பத்து வருசப் பழசாயிருச்சு. ஆபீஸ் பெட்டியில இருந்த பழைய டிராயிங் போன மாசத் தேதி. அதுதான் புதுசுன்னு பெட்டி நம்பி, திருத்தினது மேலயே ஏத்திப்போட்டுது."

"அருண்குமார் பைலெல்லாம் அழியலையே சார்?"

"அதெல்லாம் புதுப் பேருல வெச்சது கண்ணு. மோதறதுக்கு ஆபீஸ்ல வேற பைல் இல்லை."

"கரண்ட் போயிருக்குமுங்க," என்றான் அருண்குமார்.

அக்பர் அலி ப்ளக்கை நீட்டினார். மூன்று பின்களுக்கும் நடுவே, காய்ந்த சந்தனத்தின் மேல் குங்குமப் பொட்டு.

"சொருகியிருந்தா இங்க விரல் போகுமுங்களா? பூஜையன்னிக்குப் பொட்டு வெச்சது யாருங்க?"

எல்லோருக்கும் தெரியும். அங்கே எந்த மெஷினுக்கும் முதலாளி கைதான் பொட்டு வைக்கும்.

"வருசம் பூரா ஓடுது, ஒரு நாளாச்சும் ஓயட்டும்னு…" வெங்கடபதி தன் விரலையே பார்த்தார். "நான்தானுங்க பிடுங்கினேன்."

"கெடுக்கணும்னு நீங்க செய்யலைங்க. ஆனா அந்தப் புள்ள மேல பழி போட்டது பெட்டி இல்லை."

அன்றைக்கே வெங்கடபதி ரம்ஷாவைக் கூட்டிக்கொண்டு சுப்பையன் வீட்டுக்குப் போனார். "வாசல்லயே நில்லு அம்மணி. மொதல்ல நான் சொல்லிப்போடறேன்" என்று உள்ளே போனார்.

கண்ணில் கட்டுடன் சுப்பையன் கட்டிலில் கிடந்தான். வெங்கடபதி ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் சுப்பையனின் மனைவி எழுந்தாள். நேராக வாசலுக்கு வந்தாள்.

"ஏன் கண்ணு வெயில்ல நிக்கற? உள்ள வா."

வெங்கடபதியை அவள் உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை.